பன்னிக்கு விட்ட சந்து

எங்க ஊட்டுக்காரரைக் கூப்பிடறதுக்கு அந்த ஊருல ஒரே வழிதான். கல்லை எடுத்து வீசறது. அவருக்குச் சின்ன வயசுல வந்த காய்ச்சல்ல ரெண்டு காதும் அடைச்சுப்போச்சு. ஏர் ஓட்டிட்டிருக்கற மனுசனைச் சோத்துக்குக் கூப்பிடணும்னா ஒரு மண்ணாங்கட்டி முதுகுல வந்து விழும். மாடு வெள்ளாமையில பூந்துட்டுதுன்னா ஒரு கூழாங்கல்லு. கூப்பிடறவன் கோவமா இருந்தா கல்லும் பெருசா இருக்கும். கண்ணாலமாகி வந்த புதுசுல அவருக்கு முதுகு தேய்ச்சு விடப் போனேன். பொடனியிலிருந்து இடுப்பு வரைக்கும் பச்சையும் கருப்புமாக் கன்னிப்போய்க் கிடந்துச்சு. என்னங்க இதுன்னு கேட்டேன். என் வாயை உத்துப் பார்த்துட்டு, அந்தக் கட்டைக் குரல்ல ஊருக்கே கேக்கற மாதிரி, "அண்ணன் கூப்பிட்டாங்க"ன்னாரு.

எனக்கு வயிறு எரிஞ்சுபோச்சு. செவிடன் காதுல ஊதுன சங்குதான் உன் பொழப்புன்னு கண்ணாலத்துல கேலி பண்ணுன ஒரம்பரைங்க மேலகூட அந்தளவுக்குக் கோவம் வரலை. அடுத்த வாரம் கடலைக்காட்டுல களை வெட்டிட்டிருந்தோம். எங்க மச்சாண்டார், அதான் எங்காளோட அண்ணன், வரப்பு மேல நின்னுட்டு ஒரு கட்டியை எடுத்து வீசினாரு. அது எங்காளு காதோரம் பட்டு ரத்தம் வந்துருச்சு. மச்சாண்டார் மொகத்தைப் பார்த்துப் பேசறதே தப்புங்கற காலம் அது. நான் பேசலை. அதைவிடப் பெரிய கட்டியாப் பார்த்து எடுத்துத் திருப்பி வீசுனேன். நெஞ்சுல பட்டுத் தூளாப் போச்சு. "நானும் உங்களைக் கூப்பிட்டனுங்க மச்சாண்டாரே"ன்னேன். அப்பத்தான் பேசுனேன்.

அந்தாளு ஓடியாந்து என் கொண்டையைப் புடிச்சு இழுத்துக் கன்னத்துல ஒண்ணு விட்டாரு பாருங்க, காது கொய்யின்னுச்சு. எங்காளு களைக்கொத்தைப் போட்டுட்டுக் குறுக்க பாஞ்சாரு. அண்ணனும் தம்பியும் கடலைச்செடி மேல கட்டி உருண்டாங்க. ஒருத்தரு பல்லு இன்னொருத்தரு தோள்ல. எங்க மாமனார் தடியோட ஓடியாந்து ரெண்டு பேரையும் மாத்தி மாத்தி நாலு சாத்துச் சாத்துன பொறவுதான் உட்டாங்க.

மாமனார்தான் ஊருக்குக் கொத்துக்காரர். ஊர்ல எந்த வழக்குன்னாலும் அவரு சொல்றதுதான் முடிவு. அன்னைக்குப் பொழுதோட நான் போயி நின்னேன். "மாமா, பங்கைப் பிரிச்சுக் குடுத்துருங்க. நாங்க தனியாக் கஞ்சி குடிச்சுக்கறோம்."

"செவிடனுக்குப் பங்கா?" மச்சாண்டார் உள்ளயிருந்து கத்தினாரு. "வேட்டை வரிசையில நின்னிருக்கறானா அவன்? வரிசையில நிக்காதவனை எந்த ஊருல குடின்னு சேர்த்துக்கறாங்க?"

மாமனார் மீசையைத் தடவிட்டு, "அவன் சொல்றது ஊரு வழக்கம் அம்மிணி. நான் மாத்த முடியாது. உம் புருசன் ஒரு வருசம் வரிசையில நின்னு காட்டட்டும். அடுத்த நாளே எல்லைக்கல்லு நட்டுப் பிரிச்சுத் தாரேன்"னாரு.

அந்த வேட்டையைப் பத்திச் சொல்லோணும். சேந்தமங்கலத்துக்குக் கெழக்கே, கொல்லிமலை அடிவாரத்துல எங்க ஊரு. மலையில இருந்து காட்டுப்பன்னி எறங்குச்சுன்னா ஒரே ராத்திரியில காடு உழுதாப்புல ஆயிரும். அதனால பொங்கல் முடிஞ்சதும் ஊரே சேர்ந்து வேட்டைக்குப் போவாங்க. ஆம்பளைங்க மலைப்பக்கம் ஏறி வரிசை கட்டி நின்னுட்டு, தப்பட்டை, தகரம், சோத்து வட்டல்னு கிடைச்சதையெல்லாம் தட்டிட்டே எறங்குவாங்க. சத்தத்துக்குப் பயந்து பன்னி கீழே ஓடும். கீழே வலையும் ஈட்டியும் காத்திருக்கும். வரிசையில ஒரு பக்கம் எங்காளுங்க. இன்னொரு பக்கம், ஊருக்கு வெளியே தனியா வளவுல குடியிருக்கற தப்பட்டைக்காரங்க. ரெண்டுக்கும் நடுவுல ரெண்டு வண்டி ஒட்டுக்காப் போற அளவுக்கு ஒரு சந்து. அவங்க நெழலு எங்காளுங்க மேல படக்கூடாதுன்னு விட்ட சந்து. அங்க ஆளு வேணும்னு ஒருத்தருக்கும் தோணலை. நானும் அப்படி வளர்ந்தவதான், எனக்கும் தோணலை. பன்னிக்குத் தோணுச்சு.

அந்த வருசம் மச்சாண்டார் எங்காளை வரிசையிலேயே சேர்க்கலை, வலைப்பக்கம் தாட்டி உட்டுட்டாரு. பொம்பளைங்க நாங்க கரட்டு மேல தண்ணிக்கொடத்தோட உக்காந்து பார்த்துட்டிருந்தோம். கன்னுக்குட்டி ஒசரத்துக்கு ஒரு ஆண்பன்னி பொதரை விட்டு வந்துச்சு. கீழே ஓடலை. நின்னு இப்படியும் அப்படியும் பார்த்துட்டு, நேரா அந்தச் சந்தைப் பார்த்துத் திரும்பி மேல ஏறுச்சு. சந்தோரம் நின்ன எங்க எதிரூட்டுக்காரரு மறிக்கப் போனாரு. வயித்துல பூந்து அந்தப் பக்கம் போயிருச்சு. மனுசன் கொடலைக் கையில புடிச்சுட்டு உக்காந்தவரு அப்படியே உக்காந்தபடி போய்ச் சேர்ந்தாரு. அவரு சம்சாரம் எம்பக்கத்துலதான் உக்காந்திருந்தா. அவ போட்ட சத்தம் எனக்கு இன்னைக்கும் ஆகாது.

பழி ஆரு மேல போச்சு? வளவு மேலதான். தப்பட்டைக்காரங்க பயந்து ஓடிட்டாங்க, அதனாலதான் பன்னி திரும்புச்சுன்னு மச்சாண்டார் மூட்டி விட்டாரு. பொணத்தை எரிச்ச சூட்டோட பத்துப் பேரு வளவுக்குள்ள பூந்தாங்க. இருந்த தப்பட்டை அத்தனையும் கத்தியால கிழிச்சாங்க. அங்க எல்லாருக்கும் முன்னால நின்னு அடிக்கிறவரு ஒருத்தர் இருந்தாரு, எங்காளு வயசுதான். அவரைப் புளியமரத்துல கட்டி வெச்சு மச்சாண்டார் மாட்டுச் சாட்டையால அடிச்சாரு. புருவம் கிழிஞ்சு கண்ணுக்குள்ள ரத்தம் எறங்குச்சாம். அப்பவும் அந்தாளு, "சந்து உட்டது நீங்க பண்ணாடி, பன்னியக் கேளுங்க"ன்னே சொல்லிட்டிருந்தாராம்.

அதோட வளவுக்காரங்க எங்க ஊருக்கு அடிக்கறதை நிறுத்திட்டாங்க. சாவுக்கும் இல்லை, மாரியம்மன் நோம்பிக்கும் இல்லை. மிரட்டிப் பார்த்தாங்க, கூலி வேலையை நிறுத்திப் பார்த்தாங்க. அவங்க மோகனூர்ப் பக்கம் கரும்பு வெட்டப் போயிப் பொழைச்சுக்கிட்டாங்க. ஊரு ரெண்டுபட்டா கூத்தாடிக்குக் கொண்டாட்டம்பாங்க. எங்க ஊருல பன்னிக்குக் கொண்டாட்டம். ஐப்பசியில கடலைக்காட்டைப் பார்த்தவங்க மாருல அடிச்சுட்டு அழுதாங்க. நான் வேற காரணத்துக்கு அழுதேன். தப்பட்டை இல்லாம வேட்டை இல்லை, வேட்டை இல்லாம பங்கு இல்லை. எங்காளு முதுகுல கல்லு மட்டும் விழுந்துட்டே இருந்துச்சு.

மார்கழி பொறந்ததும் மாமனாருக்கு வேற வழியில்லை. ஏரிக்கரைக்கு அந்தத் தப்பட்டைக்காரரைக் கூப்பிட்டு உட்டாரு. நான் கஞ்சி கொண்டு போற சாக்குல அங்க போயி நின்னுக்கிட்டேன். அந்தாளு புருவத்துத் தழும்போட வந்து, கையைக் கட்டாம நின்னாரு.

"வேட்டைக்கு வரோணும்"னாரு மாமனார்.

"வாரமுங்க பண்ணாடி. சந்து ஆகாது. உங்காளு ஒண்ணு, எங்காளு ஒண்ணு, மாத்தி மாத்தி நிக்கோணும். அப்பறம், ஆளாளுக்குத் தகரத்தை ஒடைக்கறது ஆகாது. நான் சொல்ற அடியை ஒட்டுக்கா அடிக்கோணும். அதுக்கு இன்னையில இருந்து வேட்டை வரைக்கும் தெனம் பொழுதோட இங்க வந்து பழகோணும்."

"எங்களுக்கு நீ பழக்கறயாடா?"ன்னு மச்சாண்டார் செருப்பைக் கழட்டினாரு.

"எனக்கு மட்டும் உங்க பக்கத்துல நிக்க ஆசையாங்க? எம்பொண்டாட்டி புள்ளைங்களும் கடலை பொறுக்கித்தான் திங்கறாங்க. பன்னிக்குச் சாதி தெரியாதுங்க. அதுக்குச் சந்து தெரியும்." சொல்லிட்டு அந்தாளு திரும்பி நடக்க ஆரம்பிச்சாரு. மாமனார்தான் "நில்லு, நில்லு"ன்னு பின்னால போனாரு.

அப்படித்தான் அந்தக் கூத்து ஆரம்பிச்சுது. மாட்டுத்தோலைத் தொட மாட்டோம்னு எங்காளுங்க மண்ணெண்ணெய்த் தகரமும் பித்தளை வட்டலும் கொண்டாந்தாங்க. புதுசாத் தோல் கட்டுன தப்பட்டையோட வளவுக்காரங்க வந்தாங்க. வரிசை நின்னுச்சு, ஆனா எல்லாரும் பக்கத்தாளு மேல படாம ஒடம்பை முறுக்கிட்டு நின்னாங்க. விசயம் லேசானதுதான். முதல் ஆளு ஒரு அடி அடிப்பாரு. அது காதுல விழுந்ததும் அடுத்தவன் அடிக்கோணும். அப்படியே கடைசி வரைக்கும் போயித் திரும்பி வரோணும். "பக்கத்தாளு அடி வரலைன்னா அங்க ஓட்டைன்னு அர்த்தம். ஓட்டையை அடைக்க ஓடோணும். இதுக்குத்தாங்க அடி. சத்தம் மட்டும் போதும்னா நாயே போதும்"னாரு தப்பட்டைக்காரர்.

எங்காளுங்களுக்கு வரலை. ஒருத்தன் முந்துவான், ஒருத்தன் பிந்துவான், கேட்டா பக்கத்துல நிக்கறவன் சரியில்லைம்பான். ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணலாம். "பண்ணாடி, கை இருக்குதுங்களா? காது இருக்குதுங்களா? அப்பறம் என்னங்க?"ன்னு அந்தாளு கேக்க, எங்க பங்காளி ஒருத்தன் வட்டலாலயே அவரு வாயில அடிச்சான். ஒதடு பொளந்துச்சு. வளவுக்காரப் பசங்க தப்பட்டைக் குச்சியோட பாஞ்சாங்க. அன்னைக்கு ஏரிக்கரையில நாலு மண்டை ஒடைஞ்சுது. அந்தாளு ரத்தத்தைத் துப்பிட்டு, "நாளைக்குப் பொழுதோட வந்துருங்க"ன்னாரு. வந்தாங்க. கடலை போன வயித்தெரிச்சல் அத்தனை பேருக்கும் இருந்துச்சு.

இந்தத் தடவை மாமனார் சொல்லி எங்காளையும் கடைசியில ஒரு ஓரமா நிக்க வெச்சிருந்தாங்க. தப்பட்டைக்காரர் அவரைக் கூட்டிட்டுப் போயித் தன் பக்கத்துல நிறுத்துனாரு. தப்பட்டையில ஓங்கி ஒரு அடி அடிச்சாரு. எங்காளு தன் நெஞ்சைத் தொட்டுப் பார்த்துட்டுத் தகரத்துல ஒண்ணு வெச்சாரு. மறுபடி, மறுபடி. தப்பலை. சத்தம் நெஞ்சுல வந்து இடிக்குதுன்னு அப்பறமா எனக்குக் கையைக் காட்டிச் சொன்னாரு. அந்தாளு மெதுவா அடிச்சப்போ மட்டும் தெரியலை. உடனே எங்காளு கையைப் புடிச்சுத் தப்பட்டைத் தோல் மேல வெச்சு அடிச்சுக் காட்டினாரு. எங்காளு சிரிச்சாரு பாருங்க. கண்ணாலத்தன்னைக்குக்கூட அப்படிச் சிரிச்சு நான் பார்க்கலை.

"தோலைத் தொட்டுட்டான்!" மச்சாண்டார் தகரத்தைத் தூக்கி எங்காளு தலையில போட்டாரு. தகரத்து விளிம்பு வெட்டி நெத்தியில தோலு தொங்குச்சு. நான் கஞ்சிச்சட்டியை எறிஞ்சேன், அது ஆரு மேல பட்டுதோ தெரியலை. மாமனார் தடியை ஓங்கிப் பெரிய மகன் முழங்கால்ல ஒரு போடு போட்டாரு. "வேட்டை முடியற வரைக்கும் இங்க தீட்டுன்னு ஒருத்தன் வாயைத் தொறந்தா பல்லைப் புடுங்கிப் போடுவேன். ஊட்டுக்குப் போயித் தலைக்குத் தண்ணி ஊத்திக்கங்கடா, ஆரு வேண்டாம்னது?"

அப்படியே பண்ணுனாங்க. தெனம் பழகிட்டுப் போயித் தெனம் தலைக்கு ஊத்துனாங்க. மார்கழிக் குளிர்ல பாதி ஊருக்குச் சளி புடிச்சுது, எனக்குச் சிரிப்பு. ஆனா தை பொறக்கறதுக்குள்ள அடி போக ஆரம்பிச்சுருச்சு. இந்தக் கோடியில டண்ணுன்னா அந்தக் கோடி வரைக்கும் ஓடித் திரும்பி வந்துச்சு. தோலு, தகரம், வட்டல், தோலு. "டே, நீ பிந்தறடா"ன்னு எங்காளுங்கள்ல ஒருத்தன் வைவான். "நீங்க முந்தறீங்க பண்ணாடி"ன்னு பக்கத்துல பதில் வரும். ரெண்டு பேரும் மறுபடி அடிச்சுப் பார்ப்பாங்க. மனசு மாறிட்டாங்கன்னு நான் பொய் சொல்ல மாட்டேன். ஆனா பக்கத்துல நிக்கறவன் எப்ப மூச்சு வாங்குவான், எப்ப கை சோந்து போவான்னு தெரிஞ்சுபோச்சு. அதுக்கப்பறம் அவனைக் கல்லா மரமா நெனைக்க முடியுமா?

மச்சாண்டாருக்கு மட்டும் முடிஞ்சுது.

வேட்டையன்னைக்கு வரிசை கட்டுனப்போ நடுவுல தப்பட்டைக்காரர், அவருக்கு ஒரு பக்கம் எங்காளு, மறுபக்கம் மச்சாண்டார். மாமனார் வேணும்னுதான் அப்படி நிறுத்துனாரு. நான் கரட்டு மேல உக்காந்து தாலியைக் கண்ணுல ஒத்திக்கிட்டேன். பன்னி போனாப் போகுது, எம்புருசன் பொழுது எறங்கற வரைக்கும் எடத்தை விட்டு நகராம நின்னாப் போதும்னு வேண்டிக்கிட்டேன். அடி கெளம்புச்சு. வரிசை எறங்குச்சு. ஒரு சந்து இல்லை. பன்னிங்க கூட்டமாக் கீழே ஓடுச்சுங்க. எம்பக்கத்துல இருந்த எதிரூட்டுக்காரி, போன வருசம் புருசனைக் குடுத்தவ, அதைப் பார்த்துட்டு வாயைப் பொத்திட்டு அழுதா.

அப்பத்தான் பார்த்தேன். மச்சாண்டார் கொஞ்சம் கொஞ்சமா ஒதுங்கறாரு. தப்பட்டைக்காரர் கிட்ட இருந்து ஒரு பொதருக்கு அக்கட்டப் போயிட்டாரு. அவருக்கும் வரிசைக்கும் நடுவுல பழைய சந்து மறுபடி வந்துருச்சு. "மச்சாண்டாரே!"ன்னு கத்துனேன், ஆருக்குக் கேக்கும்? பொதரு ஆடுச்சு. பெரிய ஆண்பன்னி. அவரு கையில இருந்த தகரம் பறந்து போயி விழுந்துச்சு. ஆளைக் காணோம்.

அடி அங்க நின்னுபோச்சு. காது கேக்கறவங்க எந்தப் பக்கம் நின்னுதுன்னு ஒரு கணம் மலைச்சு நின்னாங்க. எங்காளுக்குக் காதுக்கு வேலையில்லை, கண்ணு ரெண்டும் எப்பவும் பக்கத்தாளுங்க கை மேலதான். அண்ணன் தகரம் பறந்ததைப் பார்த்ததும் தன் தகரத்தைப் போட்டுட்டு, முதுகுல மாட்டியிருந்த ஈட்டியை உருவிட்டு ஓடுனாரு. பன்னி ரெண்டாந்தரம் அண்ணன் தொடையைக் குத்தித் தூக்கறப்போ இவரு அதோட விலாவுல ஈட்டியை எறக்கினாரு. ஈட்டி ஒடைஞ்சுது. தப்பட்டைக்காரர் கல்லைத் தூக்கி அதோட மூஞ்சியில போட்டாரு. அது மண்டியிட்டப்போ இவரு ஒடைஞ்ச கம்பாலயே கழுத்துல குத்துனாரு, குத்துனாரு, குத்திட்டே இருந்தாரு. செத்த பொறவும் குத்துனாரு.

நான் கல்லுலயும் முள்ளுலயும் விழுந்தடிச்சு எறங்கிப் போனேன். மச்சாண்டார் தொடையில சதை பிஞ்சு எலும்பு வெள்ளையாத் தெரிஞ்சுது. ரத்தம் குபுகுபுன்னு வந்துச்சு. எங்காளு தப்பட்டை வாரை அவுத்துத் தொடையில இறுக்கிக் கட்டினாரு. தப்பட்டைக்காரர் இடுப்புப் பக்கம் தூக்கறதுக்குக் கையைக் குடுத்தாரு.

"தொடாதீங்கடா!"ன்னாரு மச்சாண்டார். சாகப்போற மனுசன். "செத்தாலும் பரவால்ல, தொடாதீங்கடா! எங்காளுங்க வரட்டும்!"

தப்பட்டைக்காரர் கையை எடுத்துட்டாரு. சாட்டையடி வாங்குன மனுசன், வேறென்ன பண்ணுவாரு? மத்த பன்னிங்க திரும்பிருமோன்னு எடத்தை விடாம நின்ன எங்காளுங்க இப்பத்தான் ஓடியாந்துட்டிருந்தாங்க. அதுவரைக்கும் இந்த ரத்தம் தாங்காது. எங்காளு அண்ணன் மொகத்தைப் பார்த்தாரு. அப்பறம் தப்பட்டைக்காரரோட மணிக்கட்டைப் புடிச்சு இழுத்து அண்ணன் இடுப்புக்குக் கீழே வெச்சு அழுத்துனாரு. ரெண்டு பேருமாத் தூக்கிட்டு ஓடுனாங்க. மச்சாண்டார் வழி நெடுகக் கெட்ட வார்த்தை பேசிட்டே போனாரு. நாமக்கல் ஆஸ்பத்திரியில காலைக் காப்பாத்த முடியலை. உசுரைக் காப்பாத்திட்டாங்க.

மாசி கடைசியில மச்சாண்டாரைக் கட்டில்ல தூக்கிட்டு வந்து கோயில் முன்னால எறக்குனாங்க. அவருதான் ஊரைக் கூட்டச் சொல்லியிருந்தாரு. ரெண்டு வழக்கு. தம்பி வரிசையை விட்டு ஓடுனான், அதனால பங்கு இல்லை. தப்பட்டைக்காரன் வேண்டாம்னு சொல்லியும் மேல கை வெச்சான், அவனைக் கட்டி வெச்சு அடிக்கோணும். எனக்கு வந்த ஆத்திரத்துல கட்டிலோட கவுத்துப் போட்டிருப்பேன். உசுரோட வந்து உக்காந்து கேக்கறதைப் பாருங்க!

மாமனார் முதல் வழக்குக்கு வரிசையில நின்னவங்களை நின்ன படியே நிக்கச் சொன்னாரு. ஒவ்வொருத்தரையும், "உம்பக்கத்துல அடி முதல்ல நின்னுதா?"ன்னு கேட்டாரு. "இல்லீங்க." "இல்லீங்க." எங்காளுங்களும் வளவுக்காரங்களும் மாத்தி மாத்தி. ரெண்டு கோடியில இருந்தும் கேட்டு வந்து, கட்டில் கிட்ட முடிஞ்சுது. "அப்ப, முதல்ல எடத்தை விட்டவன் நீ"ன்னாரு மகனைப் பார்த்து. "நாளைக்குக் கல்லு நடறோம்."

மச்சாண்டார் பக்கத்துல இருந்த தண்ணிச்சொம்பை எடுத்து எங்காளு மேல எறிஞ்சாரு. "தொடாதேன்னு கத்துனேனேடா! அவன் கையைப் புடிச்சு நீ எதுக்குடா எம்மேல வெச்ச?"

எங்காளு நெத்தியத் தொடைச்சுட்டுத் தப்பட்டைக்காரருக்கு முன்னால வந்து நின்னாரு. அந்தக் கட்டைக் குரல்ல, "எனக்குத்தான் காது கேக்காதே"ன்னாரு.

கூட்டம் கொல்லுனு சிரிச்சுது. மாமனாரும் சிரிச்சுட்டாரு. செவிடன் மேல என்ன குத்தம், அவன் புடிச்சு வெச்ச கை மேல என்ன குத்தம்னு துண்டை ஒதறிட்டு எந்திரிச்சுட்டாரு. தப்பட்டைக்காரர் எங்காளை ஒரு தரம் பார்த்துட்டு வளவுக்குப் போனாரு.

அன்னைக்குச் சோறு போடறப்போ எங்காளு தாடையைப் புடிச்சு எம்பக்கம் திருப்புனேன். நான் பேசறது அத்தனையும் வாயைப் பார்த்தே புரிஞ்சுக்கற மனுசன். "நெசமாலுமே தெரியலீங்களா, அவங்க தொடாதேன்னு சொன்னது?"ன்னு கேட்டேன்.

"தெரியாம என்ன? மொகத்துக்கு நேரா ரெண்டு தரம் சொன்னாங்க."

"அப்பறம் ஏனுங்க?"

"கேட்டுருந்தா அங்கயே உட்டுப்போட்டு வந்திருக்கோணுமில்ல அம்மிணி"ன்னாரு. சொல்லிட்டு, கொழம்பு ஊத்தச் சொல்லி வட்டலை நகர்த்துனாரு.